3000 கேள்வி போட்டும் நெட் லைஃப் சயின்ஸ்ல மார்க் ஏறலையா? புதுக் கேள்வி தேடாதீங்க

நீங்க கேட்டது இதான்: எம்எஸ்சி முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வுக்கு ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, குறி வச்சு படிக்கிறீங்க, தியரி ரெண்டு ரவுண்டு முடிஞ்சது, பிடிஎஃப்ல கிடைச்ச பிராக்டிஸ் கேள்வி கிட்டத்தட்ட 3000 போட்டாச்சு, ஆனா மாக் டெஸ்ட்ல 200க்கு 80, 85க்கு மேல நகர மாட்டேங்குது, இன்னும் நல்ல கேள்வி எங்க கிடைக்கும்னு.

நான் சொல்றது கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். உங்களுக்கு இன்னும் கேள்வி வேண்டாம். போட்ட 3000ல 300 எடுத்து அதையே திரும்பப் போடுங்க, ஆனா போடுற விதத்த மாத்துங்க. நானும் முதல் ரெண்டு தடவை எழுதினப்போ உங்கள மாதிரி தான் பண்ணேன், கேள்வி படிக்கிறது, பி னு டிக் பண்றது, ஆன்சர் கீயில பி இருக்கான்னு பாக்குறது, இருந்தா சந்தோஷம், இல்லைனா விளக்கத்த ஒரு தடவை படிச்சு "ஆமா தெரியும்ல" னு தாண்டிப் போறது. மூணாவது தடவை ஒரு சீனியர் அக்கா சொன்ன ஒரு விஷயத்தால தான் மாறிச்சு. அவங்க சொன்னது: சரியான விடை கண்டுபிடிச்சதும் கேள்வி முடியல, மிச்சம் மூணு ஆப்ஷனும் எந்தக் கேள்விக்கு சரியான விடையா இருக்கும்னு சொல்ல முடிஞ்சா தான் முடிஞ்சது.

சும்மா சொன்னா புரியாது, கேள்வி போட்டே காட்டுறேன்.

ரொம்ப சின்ன கேள்வில இருந்து ஆரம்பிக்கலாம். ஹிஸ்டிடின் பக்கச் சங்கிலியோட பிகேஏ (பாதி புரோட்டானோட இருக்கற பிஎச்) 6.0 னு வச்சுக்கோங்க, பிஎச் 7.0ல எத்தனை சதவீதம் புரோட்டானோட இருக்கும்? ஆப்ஷன் 9, 10, 50, 91. பாதிப் பேர் 10 னு போட்டுருவாங்க. பிஎச்சுக்கும் பிகேஏக்கும் 1 வித்தியாசம், அதனால பத்து மடங்கு, அதனால 10 சதவீதம்னு மனசு ஓடிரும். ஆனா ஹெண்டர்சன் ஹாசல்பால்க் சமன்பாடு குடுக்கறது விகிதம், பங்கு இல்ல. புரோட்டான் இல்லாதது 10, இருக்கறது 1, மொத்தம் 11, அப்போ 1ஐ 11ஆல வகுத்தா 9 சதவீதம். இப்போ மிச்சத்த பாருங்க. 91 எப்போ சரி? புரோட்டான் இல்லாதது எவ்ளோன்னு கேட்டா. 50 எப்போ சரி? பிஎச் 6ஆ இருந்தா. 10 எதுக்கு சரி? புரோட்டான் இருக்கறது, இல்லாததுல எத்தனை சதவீதம்னு கேட்டா. ஒரு கேள்விக்குள்ள நாலு கேள்வி இருக்கு பாத்தீங்களா, கேள்வி செட் பண்றவங்க தப்பான ஆப்ஷன சும்மா எழுதறதில்ல, நாம எங்க வழுக்குவோம்னு யோசிச்சு தான் ஒவ்வொண்ணையும் வைக்கிறாங்க.

அடுத்து என்சைம். எல்லாரும் மைக்கேலிஸ் மென்டன் சமன்பாடு மனப்பாடமா வச்சிருக்காங்க, ஆனா "வேகம் விமேக்ஸ்ல (உச்ச வேகத்துல) 10 சதவீதத்துல இருந்து 90 சதவீதத்துக்குப் போக சப்ஸ்ட்ரேட் எத்தனை மடங்கு ஏறணும்" னு கேட்டா 9 னு சொல்லிடுவாங்க. 10 சதவீதத்துக்கு கேஎம்ல (வேகம் பாதி ஆகற சப்ஸ்ட்ரேட் அளவுல) ஒன்பதுல ஒரு பங்கு வேணும், 90 சதவீதத்துக்கு கேஎம் மாதிரி 9 மடங்கு வேணும், அப்போ 81 மடங்கு. இது எல்லா ஹைபர்போலிக் என்சைமுக்கும் பொருந்தும், கேஎம் என்னன்னு தெரியவே வேண்டாம். இந்த 81ங்கற நம்பர் மனசுல நின்னுச்சுன்னா கோஆப்பரேட்டிவ் என்சைம் ஏன் உடம்புக்கு பிரயோஜனம்னு தானா புரிஞ்சிரும், சப்ஸ்ட்ரேட் கொஞ்சம் ஏறினாலே அது ஆன் ஆயிடும்.

அதே இடத்துல இன்ஹிபிட்டர், அதாவது என்சைம தடுக்கற பொருள், சேருங்க. சப்ஸ்ட்ரேட் அளவு கேஎம்முக்கு சமம், இன்ஹிபிட்டர் அளவு கேஐக்கு (அதோட பிடிப்பு மாறிலிக்கு) சமம், காம்படிட்டிவ், வேகம் எவ்ளோ? கேஎம் ரெண்டு மடங்கு ஆகுது, அப்போ 1ஐ 2 கூட்டல் 1ஆல வகுத்தா விமேக்ஸ்ல மூணுல ஒரு பங்கு. பியூர் நான்காம்படிட்டிவ் னா விமேக்ஸ் பாதி, அதுல பாதி, அப்போ நாலுல ஒரு பங்கு. அன்காம்படிட்டிவ் போட்டுப் பாருங்க... அதுவும் மூணுல ஒரு பங்கு தான் வரும்! நான் முதல்ல இது வந்தப்போ கணக்கு தப்புன்னு நினைச்சு மூணு தடவை போட்டேன். தப்பு இல்ல, சப்ஸ்ட்ரேட் சரியா கேஎம்ல இருக்கும்போது ரெண்டையும் ஒரே ஒரு அளவை வச்சு பிரிக்கவே முடியாது. பிரிக்கணும்னா சப்ஸ்ட்ரேட்ட ஏத்தணும், கேஎம் மாதிரி 9 மடங்கு போடுங்க, காம்படிட்டிவ் 9ஐ 11ஆல வகுத்தா, அதாவது 82 சதவீதம், இன்ஹிபிட்டர் இல்லாத 90க்கு பக்கத்துல வந்துருச்சு. அன்காம்படிட்டிவ் 9ஐ 19ஆல வகுத்தா, 47 சதவீதம் தான். இந்த ஒரு கணக்க கைல போட்டவங்களுக்கு லைன்வீவர் பர்க் கிராஃப்ல எந்தக் கோடு எங்க வெட்டும்னு மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

பார்ட் சி இந்த மாதிரி தான் இருக்கும், அதனால பேப்பரோட அமைப்ப ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க. 3 மணி நேரம், 200 மார்க். பார்ட் ஏ 20 கேள்வில 15, பார்ட் பி 50ல 35, இந்த ரெண்டுக்கும் கேள்விக்கு 2 மார்க். பார்ட் சி 75 கேள்வில வெறும் 25 தான் எழுதணும், ஒண்ணுக்கு 4 மார்க், பாதி மார்க் அங்க தான் இருக்கு. தப்பானா அந்தக் கேள்வியோட மார்க்ல 25 சதவீதம் போயிடும். 75ல 50 கேள்விய நீங்க தொடவே வேண்டாம்ங்கறது எவ்ளோ பெரிய சலுகை, ஆனா எந்த 25 னு தேர்ந்தெடுக்கற திறமைய யாரும் பிராக்டிஸ் பண்றதில்ல. எல்லா பிடிஎஃப்லயும் கேள்வி ஒண்ணொண்ணா வரும், நாமளும் ஒண்ணொண்ணா போட்டுட்டே போவோம், 75ஐயும் பார்த்து ஒவ்வொண்ணையும் 40 செகண்டுல இது எனக்கு, இது வேண்டாம்னு பிரிக்கற பழக்கம் வரவே வராது. அதனால வாரத்துல ஒரு நாள் பழைய பேப்பரோட பார்ட் சி எடுத்து விடை எழுதாம வெறுமன பிரிச்சு மட்டும் பாருங்க, கண்டிப்பா வரும், உக்காந்தா வரும், வேண்டாம்னு மூணா. அப்புறம் முதல் குவியல மட்டும் போட்டுப் பாருங்க. "கண்டிப்பா வரும்" னு நினைச்சதுல எத்தனை தப்பு ஆகுதோ அது தான் உங்க உண்மையான பிரச்சனை. 80ல நிக்கற நிறைய பேருக்கு தெரியாத கேள்வில மார்க் போகல, தெரியும்னு நம்பின கேள்வில தான் போகுது.

சரி, மறுபடி கேள்விக்கு வர்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது மைட்டோகாண்ட்ரியா கேள்வி, ஏன்னா மனப்பாடம் அங்க உதவாது. தனியா எடுத்த மைட்டோகாண்ட்ரியா, அடினோசின் டைபாஸ்பேட், பாஸ்பேட், சக்சினேட் எல்லாம் குடுத்தாச்சு, ஆக்சிஜன் செலவாகிட்டு இருக்கு. ஆலிகோமைசின் சேர்த்தா? ஏடிபி சிந்தேஸ் அடைக்குது, புரோட்டான் உள்ள வர வழியில்ல, கிரேடியன்ட் ஏறி எலக்ட்ரான் ஓட்டமும் நின்னுரும், ஆக்சிஜன் செலவும் குறையும், ஏடிபியும் இல்ல. இப்போ அதுமேல டிஎன்பி ஊத்துங்க. புரோட்டானுக்கு வேற வழி கிடைச்சிருச்சு, ஆக்சிஜன் செலவு திரும்ப வேகமா ஏறும், ஆனா ஏடிபி வராது. ஆலிகோமைசினுக்கு பதிலா சயனைடு போட்டிருந்தா? அங்க காம்ப்ளக்ஸ் நாலே அடைபட்டிருக்கு, டிஎன்பி போட்டாலும் ஒண்ணும் நடக்காது. ரோட்டினோன் போட்டிருந்தா? இங்க தான் கேள்வில "சக்சினேட்" னு ஒரு வார்த்தை இருக்கறது முக்கியம் ஆகுது, சக்சினேட் காம்ப்ளக்ஸ் ரெண்டு வழியா உள்ள வருது, ரோட்டினோன் காம்ப்ளக்ஸ் ஒண்ண தான் அடைக்கும், அதனால பெருசா பாதிப்பு இருக்காது. சப்ஸ்ட்ரேட் மாலேட்டா இருந்தா கத வேற. இத மாதிரி ஒரு கேள்வில ஒரு வார்த்தைய மாத்தி மாத்தி விடை என்ன ஆகுதுன்னு நீங்களே எழுதிப் பாருங்க, ஒரு கேள்வில இருந்து எட்டு கேள்வி பிறக்கும், அந்த எட்டும் எந்த பிடிஎஃப்லயும் காசு குடுத்தாலும் கிடைக்காது.

மெத்தட்ஸ், அதாவது 13வது யூனிட், இத பலர் கடைசி வாரத்துக்கு தள்ளி வைக்கிறாங்க, என்னைக் கேட்டா அத முதல்ல எடுக்கணும், ஏன்னா மத்த 12 யூனிட் கேள்வியும் ஒரு எக்ஸ்பெரிமென்ட் வழியா தான் வருது. இந்தக் கேள்விய பாருங்க. ஒரு புரோட்டீன் ஜெல் ஃபில்ட்ரேஷன்ல 200 கிலோடால்டன் காட்டுது. எஸ்டிஎஸ் பேஜ்ல ரெட்யூசிங் ஏஜென்ட் இல்லாம ஓட்டினா 100ல ஒரே பேண்ட். பீட்டா மெர்காப்டோஎத்தனால் போட்டு ஓட்டினா 60, 40 னு ரெண்டு பேண்ட். அமைப்பு என்ன? எஸ்டிஎஸ் பிரிச்சது கோவேலன்ட் அல்லாத பிடிப்ப, மெர்காப்டோஎத்தனால் வெட்டினது டைசல்ஃபைட. அப்போ 60ம் 40ம் டைசல்ஃபைடால சேர்ந்து 100 ஆகுது, அந்த மாதிரி ரெண்டு 100 டைசல்ஃபைட் இல்லாம ஒட்டிட்டு 200. இப்போ நம்ம வழக்கம் போல தப்பான ஆப்ஷனுக்கு கேள்வி எழுதலாம். ரெட்யூசிங் ஏஜென்ட் இல்லாமலே 60, 40 வந்திருந்தா? டைசல்ஃபைடே இல்ல, நாலு சங்கிலியும் சும்மா ஒட்டிட்டு இருக்கு. ரெட்யூசிங் இல்லாம 200லயே நின்னிருந்தா? எல்லாமே டைசல்ஃபைடால கட்டியிருக்கு. ரெட்யூசிங்ல 50ல ஒரே பேண்ட் வந்திருந்தா? ஒரே அளவுள்ள சங்கிலி நாலு, ரெண்டு ரெண்டா டைசல்ஃபைட்ல. (ஒரே அளவுன்னு தான் சொல்லலாம், ஒரே சங்கிலின்னு ஜெல்ல மட்டும் வச்சு சொல்ல முடியாது, இத ஒரு ஆப்ஷனாவே வைப்பாங்க, கவனம்.)

ஜெனிட்டிக்ஸ்ல கணக்கு எல்லாரும் போடுவாங்க, ஆனா ஒரு கழித்தல மறந்துருவாங்க. மூணு ஜீன் வரிசையா இருக்கு, முதல் இடைவெளி 10 மேப் யூனிட், ரெண்டாவது 20, இன்டர்ஃபியரன்ஸ் 0.4, 1000 சந்ததி. டபுள் கிராஸ்ஓவர் எத்தனை? எதிர்பார்ப்பு 0.1 × 0.2 × 1000 = 20, கோஇன்சிடன்ஸ் 1 - 0.4 = 0.6, அதனால 12. இது வரைக்கும் சரியா வருவாங்க. முதல் இடைவெளில மட்டும் கிராஸ்ஓவர் ஆனது எத்தனைன்னா 100 னு போட்டுருவாங்க. அந்த 100ல டபுளும் அடங்கும், அதனால 88. அதே மாதிரி ரெண்டாவதுல மட்டும் 188. பேரன்டல் 1000ல 88, 188, 12 போக 712. 700 னு ஒரு ஆப்ஷன் கட்டாயம் இருக்கும், அது 300ஐ மட்டும் கழிச்சவங்களுக்கு.

ஹார்டி வெயின்பெர்க்ல இப்படி ஒண்ணு. ரிசசிவ் நோய், 10000ல ஒருத்தருக்கு. ஒருத்தரோட கூடப் பிறந்த தம்பிக்கு நோய் இருக்கு, இவருக்கு இல்ல, அப்பா அம்மாவுக்கும் இல்ல. இவர் குடும்பத்துல இந்த நோயே இல்லாத, சொந்தம் இல்லாத ஒரு பெண்ண கல்யாணம் பண்றார், முதல் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு? இவர் கேரியரா இருக்க வாய்ப்பு 2/3, ஏன்னா நோய் இல்லைன்னு ஏற்கனவே தெரியும், நாலுல ஒரு கட்டம் அடிபட்டுருச்சு. அந்தப் பெண் கேரியரா இருக்க கிட்டத்தட்ட 1/50. ரெண்டு பேரும் கேரியர்னா 1/4. பெருக்கினா 1/300. 1/400 போட்டவங்க 2/3க்கு பதில் 1/2 எடுத்தவங்க. அந்தப் பெண்ணுக்கும் நோய் உள்ள ஒரு தம்பி இருந்தா விடை 1/9 ஆயிடும். ஒரு வரி மாறினா 1/300ல இருந்து 1/9, எவ்ளோ தூரம் பாருங்க.

டெவலப்மென்டல் பயாலஜில நம்ம பசங்க அதிகமா சறுக்கற இடம் மெட்டர்னல் எஃபெக்ட். பைகாய்டு ஜீன் ரெண்டு காப்பியும் கெட்டுப்போன பெண் டிரோசோஃபிலாவ நார்மல் ஆணோட சேர்த்தா முட்டைல வர்ற எம்ப்ரியோ எல்லாமே ஹெட்டரோசைகஸ், ஆனா எல்லாத்துக்கும் தலையும் மார்புப் பகுதியும் உருவாகாது. ஏன்னா பைகாய்டு எம்ஆர்என்ஏ அம்மா முட்டைல வச்சு அனுப்பறது, அப்பா குடுத்த நல்ல காப்பி அந்த நேரத்துக்கு உதவாது. இத எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஆனா நான் கேக்கற கேள்வி: அப்படின்னா அந்த ரெண்டு காப்பியும் கெட்ட அம்மா எப்படி உயிரோட வளர்ந்து பெருசானா? இதுக்கு டக்குனு பதில் வரலைன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம். அவளோட அம்மா, அதாவது பாட்டி, ஹெட்டரோசைகஸ், பாட்டி முட்டைல நல்ல எம்ஆர்என்ஏ இருந்துச்சு, அதனால மகளுக்கு பிரச்சனை வரல, மகளோட குழந்தைங்க கிட்ட தான் தெரியுது. நத்தை ஓடு வலப்பக்கம் சுத்துமா இடப்பக்கம் சுத்துமாங்கற கேள்வியும் இதே தான், 3:1 விகிதம் எஃப்2ல வராம எஃப்3ல வர்றது இதனால.

இன்னொரு விஷயம், இது நம்ம ஊர் பசங்களுக்கு ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். பேப்பர் இங்கிலீஷ்லயும் இந்திலயும் தான் வரும், தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்களுக்கு பயாலஜி வார்த்தை பிரச்சனையே இல்ல, அத எல்லாம் காலேஜ்ல பழகிருவோம், தடுக்கறது "நெசசரி", "சஃபிஷியன்ட்" மாதிரி சின்ன வார்த்தைங்க. தேவையானதுங்கறதும் போதுமானதுங்கறதும் வேற வேற. ஒரு ஜீன எடுத்துட்டா கண் வரல, அப்போ அது கண்ணுக்கு தேவை, அவ்ளோ தான் சொல்லலாம். அதே ஜீன கண் வராத இடத்துல ஓட விட்டு அங்க கண் வந்தா தான் போதுமானதுன்னு சொல்லலாம். 1995ல வால்டர் கெஹ்ரிங் குழு ஐலெஸ் ஜீன டிரோசோஃபிலாவோட கால், இறக்கை, ஆன்டெனா வளர்ற இடங்கள்ல ஓட விட்டு அங்கெல்லாம் கண் வர வச்சாங்க, அது போதுமானதுங்கற பக்கம். நாக்அவுட், ஆர்என்ஏஐ, இன்ஹிபிட்டர் எல்லாம் தேவையா பாக்கற சோதனை. ஓவர் எக்ஸ்பிரஷன், எக்டோபிக் எக்ஸ்பிரஷன் போதுமா பாக்கற சோதனை. வெறும் இமேஜ்ல ரெண்டும் ஒரே இடத்துல இருக்குன்னு காட்டினா அது ரெண்டும் இல்ல, சம்பந்தம் இருக்கலாம்னு மட்டும் தான். இந்த மூணையும் பிரிக்கத் தெரிஞ்சா சிக்னலிங், டெவலப்மென்ட், பிளான்ட் ஹார்மோன் மூணுலயும் எக்ஸ்பெரிமென்ட் கேள்வி பாதி தானா விழுந்துரும், இத தனியா ஒரு பக்கம் எழுதி ஒட்டி வச்சுக்கோங்க.

பிளான்ட் ஃபிசியாலஜில வாட்டர் பொட்டென்ஷியல் ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். செல்லோட சொல்யூட் பொட்டென்ஷியல் -0.8 எம்பிஏ, பிரஷர் பொட்டென்ஷியல் +0.5. வெளில இருக்கற கரைசல் -0.6, திறந்த பாத்திரம். தண்ணி எந்தப் பக்கம் போகும்? -0.8ஐயும் -0.6ஐயும் மட்டும் ஒப்பிட்டா உள்ள போகும்னு வரும், அது தப்பு. செல்லோட மொத்தம் -0.3, வெளில -0.6, அதனால தண்ணி செல்ல விட்டு வெளியேறும். உள்ள போகும்ங்கற விடை எப்போ சரி? டர்கர் இல்லாத, தொங்கிப் போன செல்லா இருந்தா.

இகாலஜில லாஜிஸ்டிக் வளர்ச்சி வந்தா "மொத்த வளர்ச்சி வேகம்" கேக்கறாங்களா "தலைக்கு எவ்ளோ வளர்ச்சி" கேக்கறாங்களான்னு அடிக்கோடு போடுங்க, முதல் கேள்விக்கு கேயில (அந்த இடம் தாங்கற உச்ச எண்ணிக்கைல) பாதில உச்சம், ரெண்டாவதுக்கு கூட்டம் ரொம்ப சின்னதா இருக்கும்போது உச்சம். குறியிட்டுப் பிடிக்கற கணக்குல 50 குறி போட்டு விட்டு, திரும்ப 60 பிடிச்சு அதுல 12 குறியோட இருந்தா 250ங்கறது எல்லாருக்கும் வரும், குறி சிலதுல உதிர்ந்து போனா மதிப்பீடு கூடுமா குறையுமான்னு கேட்டா திணறுவாங்க. 12க்கு பதில் 10 தான் கிடைக்கும்னு வச்சுக்கோங்க, வகுக்கறது சின்னதாச்சு, மதிப்பீடு 300 ஆகும், கூடும். கூண்டுக்கு பழகி திரும்பத் திரும்ப வந்து மாட்டற விலங்குன்னா குறையும்.

டைவர்சிட்டி, டாக்ஸானமி, எவல்யூஷன் கால அட்டவணை இதெல்லாம் இப்படி யோசிச்சு வராது, அது ஞாபகம் தான், டேபிள் போட்டு தினமும் 15 நிமிஷம். அதுக்கு மேல அங்க நேரம் செலவு பண்ண வேண்டாம்னு என் அபிப்பிராயம், ஏன்னா 13 யூனிட்டும் முழுசா யாராலும் தயார் பண்ண முடியாது, 25 கேள்வி தேர்ந்தெடுக்க 6, 7 யூனிட் ஆழமா இருந்தா போதும், ஆனா அந்த ஆறுல மெத்தட்ஸ் இருக்கணும்.

கெஸ் அடிக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. கணக்கு இது: பார்ட் சில நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு ஒண்ணு போட்டா சராசரியா கால் மார்க் லாபம் தான், ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்கலாம். ரெண்டு ஆப்ஷன உறுதியா அடிச்சுட்டு மிச்ச ரெண்டுல ஒண்ணு போட்டா சராசரி ஒன்றரை மார்க். அதனால பார்ட் சில பாதி தெரிஞ்ச கேள்விய விட்டுட்டு வரது தான் நஷ்டம். "ஏ, பி, சி, டி நாலு வாக்கியத்துல எது சரி" மாதிரி வர்ற கேள்வில ஒரே ஒரு வாக்கியம் நிச்சயமா தப்புன்னு தெரிஞ்சாலே பெரும்பாலும் ரெண்டு ஆப்ஷன் போயிடும், அதனால நாலு வாக்கியத்தையும் வரிசையா படிக்காம எது உங்களுக்கு நல்லா தெரியுமோ அதுல இருந்து ஆரம்பிங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 25க்கு மேல எழுதினா முதல் 25 மட்டும் தான் திருத்துவாங்க, அதனால சந்தேகமான கேள்விய முன்னாடி போட்டு நிரப்பிடாதீங்க.

தப்பு நோட்டு ஒண்ணு போடுங்க, ஆனா கேள்வியும் விடையும் காப்பி பண்ணி வைக்காதீங்க, அது யாரும் திரும்பப் படிக்கறதில்ல. ஒரு வரி மட்டும்: ஏன் தப்பாச்சு. எனக்கு நாலு காரணம் தான் வந்துச்சு, விஷயமே தெரியாது, கேள்விய தப்பா படிச்சேன், கணக்குல பிழை, ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல மாட்டினேன். ஒரு மாசம் எழுதிட்டு எண்ணிப் பாருங்க. எனக்கு தப்பா படிச்சது தான் அதிகம் இருந்துச்சு, அதுவரை நான் தியரி பத்தலன்னு நினைச்சு மறுபடி மறுபடி புத்தகத்த தான் திறந்துட்டு இருந்தேன். நாலாவது காரணம் அதிகமா வந்தா மேல சொன்ன மாதிரி ஆப்ஷனுக்கு கேள்வி எழுதற வேலைய அதிகமா பண்ணுங்க, அதுக்கு அது தான் மருந்து.

கேள்வி எங்க எடுக்கறதுன்னா, பழைய ஒரிஜினல் பேப்பர், அதோட ஃபைனல் கீ. அது தான் முதல் சாய்ஸ், ரெண்டாவது சாய்ஸ், மூணாவது சாய்ஸ். கைமாறி வர்ற பிடிஎஃப்ல கீ நிறைய தப்பா இருக்கு, நான் ஒரு தடவை ஒரு பிடிஎஃப் கீய நம்பி காலரா டாக்சின் ஜிஐய (செல் சிக்னல குறைக்கற ஜி புரோட்டீன்) தாக்கும்னு ரெண்டு மாசம் நம்பிட்டு இருந்தேன். காலரா ஜிஎஸ்ஸ (சிக்னல ஏத்தற ஜி புரோட்டீன்) ஆன்லயே பூட்டி வைக்குது, பெர்டுசிஸ் தான் ஜிஐய முடக்குது, ரெண்டுலயும் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், அதனால விடை மட்டும் பாத்தா வித்தியாசமே தெரியாது. கீயும் உங்க விடையும் ஒத்துப் போகலைன்னா புத்தகத்துல தேடி முடிவு பண்ணுங்க, அப்படி சண்டை போட்டு தேடினது மறக்கவே மறக்காது. கேட் தேர்வோட எக்ஸ்எல் (லைஃப் சயின்ஸ்) பேப்பர்ல வர்ற நியூமெரிக்கல் கேள்விங்களும் எடுத்துக்கலாம், ஆப்ஷன் இல்லாம நம்பர் தான் போடணும்ங்கறதால கணக்கு கைக்கு நல்லா வரும். உதாரணத்துக்கு ஒண்ணு: 4.6 மெகாபேஸ் ஜீனோம், 20 கிலோபேஸ் இன்சர்ட், எந்த ஒரு துண்டும் லைப்ரரில இருக்க 99 சதவீத வாய்ப்பு வேணும்னா எத்தனை குளோன்? ஜீனோம ஒரு தடவை மூட 230 போதும், ஆனா சீரா விழாம ராண்டமா விழுறதால 230 குளோன்ல 37 சதவீதம் விட்டுப் போயிருக்கும், 99க்கு அது மாதிரி 4.6 மடங்கு, சுமார் 1060 வேணும். ஃபார்முலா மறந்தாலும் 4.6 மடங்கு ஞாபகம் இருந்தா போதும்.

பார்ட் ஏக்கு தினமும் அஞ்சு கேள்வி, அதுக்கு மேல வேண்டாம், ஆனா அத விட்டுடாதீங்க, 30 மார்க் பயாலஜியே இல்லாம வருது. பரீட்சைல நான் பார்ட் பிய முதல்ல முடிச்சு, அப்புறம் சி, கடைசி அரை மணி நேரம் ஏ னு வச்சேன். சியில முதல் சுத்து 75 கேள்வியும் வேகமா புரட்டி கண்டிப்பா வரும்ங்கறத மட்டும் போடறது, ஒரு 14, 15 வரும், ரெண்டாவது சுத்துல ரெண்டு ஆப்ஷன அடிக்க முடிஞ்சதுல இருந்து மிச்ச பத்து. அடுத்த மூணு மாக் டெஸ்ட்ட இந்த வரிசைல எழுதிப் பாருங்க, எழுதின நாளே மார்க்க பாக்காம, தப்பானதுக்கெல்லாம் காரணத்த எழுதிட்டு அடுத்த நாள் பாருங்க.